கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு: அக்கா மகளின் சேர்க்கைக்காக அலைந்த அனுபவம்

திருநெல்வேலி காந்தி நகரில் உள்ள ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியில் என் அக்கா மகளுக்கு இளநிலைக் கணிதத்தில் இடம் கிடைத்தது. முக்கூடல் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பெண் அவள். அக்கா பீடி சுற்றுகிறாள், அத்தான் கொத்து வேலைக்குப் போகிறார். கல்லூரிப் படிப்பு என்றால் என்னவென்று தெரிந்தவன் அந்த வீட்டுக்கு நான் ஒருவன்தான் என்பதால், சேர்க்கை தொடர்பான பொறுப்பு முழுவதும் என்னிடம் வந்தது. அப்போது நேரில் கண்டறிந்தவற்றை, இந்த ஆண்டு பிள்ளைகளைச் சேர்க்கவிருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

இடம் உறுதியானதும் எல்லோரும் கேட்கும் கேள்வி, கல்லூரியில் என்னென்ன தாள்களைக் கொடுக்க வேண்டும் என்பதுதான். அந்தத் தாள்கள் பெரும்பாலும் வீட்டில் இருப்பவையே: மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு முதலான மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்கள். பன்னிரண்டாம் வகுப்பின் அசல் சான்றிதழ் பள்ளிக்கு வந்து சேரும் வரை தற்காலிக மதிப்பெண் சான்றிதழே போதுமானது. மாற்றுச் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளும் என்பதால், அதைக் கையளிப்பதற்கு முன்பே தெளிவாக ஸ்கேன் செய்து வைப்பதுடன் சில நகல்களும் எடுத்துவிட வேண்டும். வேறு மாநில வாரியத்திலோ மத்திய வாரியத்திலோ படித்தவர்களுக்குக் கூடுதலாகத் தகுதிச் சான்று தேவைப்படலாம். அவர்கள் கல்லூரி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் தாள்கள் கையில் இருப்பது மட்டும் போதாது. அவை அனைத்திலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதைத்தான் நான் மற்ற எதையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்கு முன்னாலும், ஆதாரில் பெயருக்குப் பின்னாலும், வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்துக்குப் பதிலாகத் தகப்பனாரின் முழுப்பெயரும் இருப்பது நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். குடும்ப அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயரையே எழுதி வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. பள்ளி முடியும் வரை இந்த வேறுபாட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. கல்லூரியில் சேர்ந்ததும் மாணவியின் விவரங்கள் இணையத்தில் பதிவாகி, ஆதாருடன் ஒப்பிடப்பட்டு, அதன் பிறகே உதவித்தொகைக்குப் போகின்றன. அந்த ஒப்பீட்டில் ஒரு எழுத்து மாறினாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடக்கூடும். எங்கள் பெண்ணின் ஆதாரில் தகப்பனார் பெயரில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டிருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்திக்கொண்டோம். மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவதைவிட ஆதாரைத் திருத்துவது எளிது என்பதால், எப்போதும் பள்ளிச் சான்றிதழையே அளவுகோலாக வைத்து மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுவதே சரியான வழி.

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் போன்ற வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் ஒன்றுக்கு 60 ரூபாய் கட்டணம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் பார்வையைக் கடந்து, எங்களுக்குச் சேரன்மகாதேவியில் இருக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகிறது. சேர்க்கை மாதங்களில் மாவட்டத்தின் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் தாமதம் இயல்பானதே. ஆகவே பொதுத்தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பித்துவிட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் எங்களிடம் சொன்ன ஒரு சொல் மிகவும் பயன்பட்டது: "அம்மா, ரேஷன் கார்டுல இருக்க பேரும் ஆதார்ல இருக்க பேரும் ஒண்ணா இருக்கான்னு வீட்ல வச்சே பாத்துட்டு வாங்க." குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கான முதல் பட்டதாரி சான்றிதழும் இதே வழியில்தான் கிடைக்கிறது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்கே அதனால் கட்டணச் சலுகை உண்டு என்பதாலும், ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டுமே அது கிடைக்கும் என்பதாலும், கலை அறிவியல் படிப்பில் சேர்ந்த எங்கள் பெண்ணுக்கு நாங்கள் அதைக் கேட்கவில்லை; அடுத்து அவள் தம்பி இருக்கிறான்.

இனி வங்கிக் கணக்கு. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தின்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, பட்டப்படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. இந்த இரண்டு திட்டங்களுக்கும் வருமான வரம்பு கிடையாது. வேறு உதவித்தொகை பெற்றாலும் இதுவும் உண்டு. விண்ணப்பிப்பது கல்லூரி வழியாகவே என்பதால், பள்ளியில் கொடுத்த எமிஸ் எனப்படும் மாணவர் அடையாள எண்ணையும் ஆறாம் வகுப்பு முதல் படித்த பள்ளிகளின் விவரத்தையும் எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். பணமோ நேராக ஆதார் இணைக்கப்பட்ட கணக்குக்குத்தான் வருகிறது. கணக்குத் தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்திருந்தாலே இணைப்பு முடிந்துவிட்டது என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். அது அடையாளத்துக்காகக் கொடுத்தது மட்டுமே. அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று தனியாக ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுத்தால்தான் ஆதார் சீடிங் எனப்படும் இணைப்பு நடக்கும். பள்ளி நாளில் தொடங்கிய கணக்கு இரண்டு ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் கிடந்தால் செயல்படாத கணக்காகிவிடும். அதை முதலில் உயிர்ப்பித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு, கடைசியாக இணைத்த கணக்குக்கே பணம் போகும் என்பதையும் சொல்லி வையுங்கள். மாதம் ஆயிரம் ரூபாய் என்பது பீடி சுற்றும் ஒரு தாய்க்குச் சின்னத் தொகை அன்று. ஒரு படிவம் எழுதாமல் விட்ட காரணத்தால் அது நின்றுபோவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பீடித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைச்சகம் வழங்கும் கல்வி உதவித்தொகை தனியாக உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையும் வருமானச் சான்றிதழும் இதற்கு அடிப்படை. குடும்ப மாத வருமானம் 10,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் எனப் பீடித் தொழில் பரவியிருக்கும் நம் பகுதியில், அடையாள அட்டையை மருந்து வாங்குவதற்கு மட்டுமே எடுக்கும் வீடுகள் ஏராளம். பட்டப்படிப்புக்கும் அதே அட்டை உதவும் என்பதைப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்ல வேண்டும்.

பகடிவதை (ராகிங்) தடுப்பு உறுதிமொழியை மாணவியும் பெற்றோரும் தனித்தனியே இணையத்தில் அளிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைப்படி இது ஒவ்வோர் ஆண்டும் தேவை. அதற்கும் மற்றப் பதிவுகளுக்கும் மாணவியின் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரியும், அடிக்கடி மாறாத கைபேசி எண்ணும் இருப்பது நல்லது. கணினி மையத்தில் உதவி செய்பவரின் எண்ணையே கொடுத்துவிட்டுப் பிறகு கடவுச்சொல்லுக்காக அவரைத் தேடி அலைந்த பெண்களைக் கல்லூரி வாசலில் பார்த்தேன்.

சேர்ந்த பின் வேறு கல்லூரியில் இடம் கிடைத்து விலகுபவர்களுக்கு ஒரு செய்தி. மதிப்பெண் சான்றிதழின் அசலைக் கல்லூரிகள் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போதே எழுத்து மூலம் விலகினால் கட்டணம் முழுவதையும், அதன் பிறகு நாள் செல்லச் செல்லக் குறைவான பங்கையும் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் உள்ளது. விலகல் கடிதத்தைக் கொடுத்த நாளை முத்திரையுடன் நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசுக் கல்லூரி மாணவியருக்கான இலவசப் பேருந்து அட்டைக்குக் கல்லூரியே படிவம் கொடுத்தது. புகைப்படம் மட்டும் போதுமானதாக இருந்தது. வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும் என்பதாலும், பீடித் தொழிலாளர் உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதாலும், இரண்டாம் ஆண்டு தொடங்குமுன் மே மாதத்திலேயே புதிய சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதாக அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.