வீட்ல செஞ்ச க்னெக்கெப்ரோட்ல நெஜமா என்ன சத்து இருக்கு?

ஸ்வீடன்ல எந்த வீட்டுக்குப் போனாலும் காலை டிபனுக்கு பட்டர், சீஸ் பக்கத்துல இந்த மொறுமொறு ரொட்டி இருக்கும், பேரு க்னெக்கெப்ரோட். அந்தக் காலத்துல ரைங்கிற தானியத்தோட மாவுல வருஷத்துக்கு ரெண்டு வாட்டி மொத்தமா சுட்டு, நடுவுல ஓட்டை போட்டு கம்புல கோத்து கூரைக்குக் கீழ தொங்க விட்டுருவாங்க, ஈரம் இல்லாததால மாசக்கணக்கா கெடாது. இப்ப வீட்ல செய்றவங்க பல பேர் செய்றது வேற ரகம், மாவு கம்மி விதை ஜாஸ்தி. வெயிட் குறைக்க நல்லதுன்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் இதை அளவில்லாம சாப்பிடறதப் பாக்குறேன், அதனாலதான் கணக்கு போட்டே எழுதிடலாம்னு உக்காந்தேன்.

நான் ஒரு ஈடுக்குப் போடுறது முழு ரை மாவு 150 கிராம், ஓட்ஸ் 50, சூரியகாந்தி விதை 60, பூசணி விதை 50, எள்ளு 50, ஆளி விதை 40, ரெண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய். எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 2050 கலோரி. 40 துண்டா வெட்டுனா ஒண்ணு 10 கிராம் பக்கம், 50 கலோரி, புரோட்டீன் ஒன்றரை கிராம் சொச்சம், நார்ச்சத்து ஒண்ணேகால் கிராம் பக்கம். கடையில விக்கிற சாதா ரை க்னெக்கெ அதே 10 கிராமுக்கு 35 கலோரிதான், நார்ச்சத்து ஒன்றரை கிராம் வரும். அதாவது விதை சேக்க சேக்க நல்ல கொழுப்பும் புரோட்டீனும் ஏறுது, ஆனா கலோரியும் கூடவே ஏறுது, நார்ச்சத்துக்கு மட்டும்னு பாத்தா ரை மாவே போதும். டீ குடிச்சுக்கிட்டே பேச்சு சுவாரஸ்யத்துல ஆறு துண்டு உள்ள போயிரும், 300 கலோரி, அதுவும் பட்டர் தடவுறதுக்கு முன்னாடி!

எள்ளுல கால்சியம் கொட்டிக் கிடக்குன்னு சொல்லுவாங்க, உண்மைதான், தோலோட இருக்குற எள்ளுல 100 கிராமுக்கு 975 மில்லிகிராம் இருக்கு, ஆனா நம்ம துண்டு ஒண்ணுக்கு வர்றது 12 மில்லிகிராம்தான். பாலை நிறுத்திட்டு இதை நம்பக்கூடாது.

ஆளி விதையை முழுசாத்தான் போடுவேன். அரைச்சுப் போட்டா ஒமேகா-3 உடம்புல சேருமேன்னு கேப்பீங்க, சரிதான், ஆனா அரைச்ச விதையில இருந்து சயனைடு வெளிய வரும்னு அதைத் தவிர்க்கச் சொல்றது ஸ்வீடன் அரசு உணவுத் துறையே. முழுசா போட்டு மேல கொதிக்கிற தண்ணி ஊத்துனா பத்து நிமிஷத்துல வழவழன்னு கூழ் மாதிரி ஆயிரும், அதுவே எல்லா விதையையும் புடிச்சுக்கும், வயித்துக்கும் நல்லது.

அடுத்து இதைச் சுடுற விதம், நான் ரொம்ப கவனமா இருக்குறது இதுலதான். 1997ல இங்க தெற்குல ஹாலான்ட்ஸோஸ்ங்கிற மலையில ரயில் சுரங்கம் தோண்டுனப்ப கசிவை அடைக்க ஊத்துன கெமிக்கல்ல இருந்து அக்ரிலமைடுங்கிற நச்சுப் பொருள் ஓடையில கலந்து, அந்தத் தண்ணிய குடிச்ச மாடுங்க நிக்க முடியாம விழுந்துச்சு. வேலை செஞ்சவங்களோட ரத்தத்தை டெஸ்ட் பண்ணும்போது ஒப்பிட்டுப் பாக்கணும்னு சுரங்கத்துப் பக்கமே போகாதவங்க ரத்தத்தையும் எடுத்தாங்க, பாத்தா அவங்ககிட்டயும் அதோட தடயம்! அது எங்க இருந்து வருதுன்னு தேடிப் போய்தான், மாவுப் பொருளை அதிக சூட்டுல வறுத்தா சுட்டா அக்ரிலமைடு உண்டாகும்னு 2002ல ஸ்டாக்ஹோம் யுனிவர்சிட்டியும் உணவுத் துறையும் சேந்து அறிவிச்சாங்க. க்ரிஸ்ப்பா காயுற ரொட்டியில இது சுலபமா உண்டாகும், ஐரோப்பிய யூனியன் இதுக்குன்னே கிலோவுக்கு 350 மைக்ரோகிராம்னு ஒரு அளவு வச்சிருக்கு. அதனால 200 டிகிரில சீக்கிரம் செவக்க விடாம 150ல ஒரு மணி நேரம், நடுநடுவுல ஓவன் கதவைத் திறந்து ஆவிய வெளிய விட்டு, வெளிர் பொன்னிறத்துலயே எடுத்துருங்க. ஓரம் மட்டும் கருகியிருந்தா அந்தத் துண்டை வெட்டித் தூக்கிப் போட்டுருங்க.

உப்பு இத்தனை மாவுக்கு அரை டீஸ்பூன் தாராளம், மேல வைக்கிற சீஸ்லயே உப்பு இருக்கு.

இன்னும் ஒண்ணு, ரையிலயும் விதையிலயும் இரும்புச்சத்து இருந்தாலும் கூடவே இருக்குற ஃபைட்டிக் ஆசிட் அதை உடம்புல சேர விடாது. டைம் இருந்தா ரை மாவை மட்டும் முதல் நாள் ராத்திரியே புளிக்க வச்சுக்கோங்க, அந்த ஆசிட் நல்லாவே குறையும். அதுக்கும் நேரமில்லன்னா மேல ரெண்டு சிவப்பு குடைமிளகாய்த் துண்டு வச்சு சாப்பிடுங்க, அதுல இருக்குற வைட்டமின் சி இரும்புச்சத்தை உள்ள இழுத்துக்க உதவும், சீஸோட நல்லாவும் இருக்கும்.