பற்றரி கசிந்த 386, 486 மதர்போர்ட்: பவர் போடமுன் பார்க்கவேண்டியவை

386, 486 சிபியூ பொருத்திய பழைய கணினி மதர்போர்ட் கைக்கு வந்தால் பவர் போட்டுப் பார்க்கத்தான் மனம் உந்தும். கொஞ்சம் பொறுங்கள். கீபோர்ட் சொக்கெட்டுக்குப் பக்கத்தில் நீல நிறத்திலோ பச்சை நிறத்திலோ உருளைப் பற்றரி ஒன்று இருக்கும்: 3.6 வோல்ற், நிக்கல் காட்மியம். அந்தக் காலத்துப் போர்ட்டுகள் பெரும்பாலும் சாவது சிப் எரிந்து அல்ல, இது கசிந்துதான்.

கசிவது அமிலமில்லை, காரம். செப்புப் பாதையின் பச்சைப் பூச்சுக்குக் கீழாலேயே ஊர்ந்துபோகும். மேலே பார்த்தால் பாதை கறுத்திருக்கும், அவ்வளவுதான். ஊசியால் மெல்லச் சுரண்டினால் உள்ளே செம்பே இராது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்றில் கிடந்த போர்ட் என்றால் ஸ்லொட் கால்களையும் ஒருமுறை பாருங்கள்.

பற்றரியை வெட்டி எடுத்துவிட்டு, வினாகிரியில் தோய்த்த பழைய பல் பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தேயுங்கள். நுரைக்கும்; நுரை அடங்கும்வரை விடாதீர்கள். கடையில் விற்கும் வெள்ளை வினாகிரியே போதும். தென்னை வினாகிரி கறிக்கு நல்லது, இதற்கு வேண்டாம், கசடு விடும். பிறகு வடித்த நீர், அதன்பிறகு ஐசோபுரோப்பைல் அல்கஹோல். காற்றாடிக்குக் கீழே ஒரு நாள் காயட்டும். கொழும்பு மழைக்காலத்தில் இரண்டு நாள்.

கறுத்த ஒவ்வொரு பாதையையும் மல்ரிமீற்றரால் முனைக்கு முனை பாருங்கள். மேற்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் போகும் சிறு துளைகள்தான் அதிகம் ஏமாற்றும். அறுந்ததற்கு 0.25 மில்லிமீற்றர் வயர். ஈயம் ஒட்டாமல் உருண்டையாகத் திரண்டால் காரம் இன்னும் மிச்சம்: திரும்ப வினாகிரி, பிறகு ஃப்ளக்ஸ்.

அடுத்தது ஷோர்ட். போர்ட்டின் பின்பக்கம், அதாவது கீபோர்ட் சொக்கெட் பக்கம், உங்களிடமிருந்து தள்ளி அப்பால் இருக்க வைத்தால், ஐஎஸ்ஏ ஸ்லொட்டின் (கார்ட் செருகும் நீள ஸ்லொட்) இடது வரிசை பி (B). பின்பக்கத்திலிருந்து எண்ணினால் பி1 கிரவுண்ட், பி3 5 வோல்ற், பி7 மைனஸ் 12, பி9 பிளஸ் 12. கிரவுண்டுக்கும் 12 வோல்ற்றுக்கும் இடையில் ஓரிரு ஓம்தான் காட்டினால் டான்டலம் கப்பாசிற்றர் ஒன்று ஷோர்ட். 16 வோல்ற் இருந்த இடத்தில் 25 வோல்ற் போடுங்கள். டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பிளஸ். மற்றக் கப்பாசிற்றர் பழக்கத்தில் மாற்றிப் போட்டால் தீப்பிடிக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் உதிரிப்பாகம் தேடும்போது வோல்ற்றளவைக் கட்டாயம் சொல்லிக் கேளுங்கள்.

இனிப் பவர். சப்ளையிலிருந்து வரும் P8, P9 (ஸ்லொட்டின் பி வரிசை அல்ல) இரண்டு பிளக்கிலும் கறுப்பு வயர்கள் நடுவில் சேரவேண்டும், மாறினால் போர்ட் போய்விடும். சில பழைய சப்ளைகள் சுமை இல்லாமல் எழும்பாது, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொழுவிவிடுங்கள். 5 வோல்ற் 4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்கவேண்டும். ஸ்லொட்டின் பி2 ரீசெட்: ஒரு கணம் உயர்ந்து கீழே வரவேண்டும். உயர்ந்தபடியே நின்றால் P8 பிளக்கின் முதல் வயரில், வழக்கமாக ஓரேஞ்ச், பவர் குட் (பவர் சரி என்று சப்ளை சொல்லும் சிக்னல்) வருகிறதா என்று பாருங்கள். ஸ்லொட்டின் பி30 14.318 மெகாஹேர்ட்ஸ் குளொக். மீற்றரில் 2 வோல்ற்றை ஒட்டிக் காட்டும். சுத்தமாக 0 அல்லது 5 என்றால் குளொக் இல்லை.

இவ்வளவும் சரியென்றால் போஸ்ட் கார்ட்: ஸ்லொட்டில் செருகினால் தொடக்கச் சோதனை எங்கே நிற்கிறது என்று இலக்கத்தில் காட்டும். இலக்கமே மாறாவிட்டால் சிபியூ பயோஸை (கணினியைத் தொடக்கும் புரோகிராமை) வாசிக்கவில்லை: பயோஸ் சிப்பைக் கழற்றிக் கால்களைத் துடைத்துத் திரும்பப் போடுங்கள். கொஞ்சத்தூரம் ஓடி நின்றால் முதற் சந்தேகம் கீபோர்ட் கொன்ட்ரோலர் 8042 மேல். பற்றரிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதன் பாதைகள்தான் முதலில் போகும். ஏஎம்ஐ பயோஸில் 3 பீப் மெமரி, 8 பீப் டிஸ்ப்ளே கார்ட். 30 பின் சிம் (மெமரித் துண்டு) 486இல் நான்கு நான்காகத்தான் போடவேண்டும்.

புதுப் பற்றரிக்கு சிஆர்2032 என்ற நாணய வடிவ லித்தியம் பற்றரி போடுவதென்றால் பிளஸ் வயரில் 1என்4148 டயோட் ஒன்று கட்டாயம். பழையதை சார்ஜ் செய்த அதே சுற்று இதையும் சார்ஜ் செய்யப் பார்க்கும், லித்தியம் அதைத் தாங்காது. ஹோல்டரை நீள வயரில் கேசின் ஓரத்தில் ஒட்டுங்கள், போர்ட்டில் வேண்டாம்.