ஹைலக்ஸ் முன்பக்கச் சாமானுக்காகப் பஞ்சிகாவத்தையில் பட்ட பாடு

பஞ்சிகாவத்தையில் கிடைக்காத வாகனச் சாமான் கொழும்பில் வேறெங்கும் கிடைக்காது என்பார்கள். கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் வண்டிக்கு உரியது எது என்று கவுண்டரில் நிற்கிறவர் பார்த்துத் தருவார் என நம்பிப் போய்விடாதீர்கள். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

எங்களுடையது 1998இல் செய்த டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப். மொடல் எல்என்166, 3எல் என்ற டீசல் இன்ஜின், ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுப்பது). கொட்டாஞ்சேனையில் கடை வேலைக்கு ஓடும், இடைக்கிடை கிளிநொச்சிக் காணிக்கும் போய்வரும். கொஞ்ச நாளாகவே குழியில் இறங்கினால் முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம், பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுவை. கராஜ் பாஸ் (மெக்கானிக்) ஜாக்கி போட்டு ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கீழ் போல் ஜொயின்ட் (சக்கரப் பக்கத்தை ஆர்மோடு, அதாவது அதைத் தாங்கும் கையோடு, இணைக்கும் உருண்டை மூட்டு) இரண்டும் முடிந்தது, ஆர்ம் புஷ்களும் (ஆர்ம் அசையும் இடத்து றப்பர்) வெடித்துவிட்டன, இதோடு வடக்குக்குப் போகும் ஏ9 வீதிப் பக்கம் போகவே வேண்டாம் என்றார். கீழ் போல் ஜொயின்ட் கழன்றால் ஓடுகிற வண்டியில் சக்கரம் மடிந்துவிடும், அதனால் தள்ளிப்போட வழியில்லை. வண்டியையே மாற்றலாமே என்று சொன்ன நண்பர்களுக்கு ஒன்று: 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இப்போது ஒரு டபுள் கெப் என்ன விலை போகிறது என்று விசாரித்துவிட்டு வந்து பேசுங்கள்.

முதல் கடையில் நடந்தது இதுதான்.

"என்ன வண்டி அண்ணன்?"

"ஹைலக்ஸ், எல்என்166. செசி நம்பர் இருக்கிறது, வாகனப் புத்தகத்தின் கொப்பியும்..."

"நம்பர் எதுக்கு? ஹைலக்ஸ் எல்லாம் ஒன்றுதான்."

ஒன்றே இல்லை. பழைய மொடல் எல்என்106 என்றால் முன்னாலும் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்), நேர் அக்சில். மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என்ற பேச்சே கிடையாது. எல்என்166இல் டோர்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), இரண்டு சக்கரமும் தனித்தனியாக வேலை செய்யும். அதே காலத்து ஹைலக்ஸிலேயே டூ வீலுக்கும் (பின் சக்கரம் மட்டும் இழுப்பது) ஃபோர் வீலுக்கும் போல் ஜொயின்ட் வேறு. பெட்டியில் வெறுமனே ஹைலக்ஸ் என்று பெயரும் ஆண்டும் இருந்தால் அதில் இந்த விவரம் எதுவும் தெரியாது. பாஸ் வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தையும் நீட்டினேன், எட்டிக்கூடப் பார்க்காமல், "சரியாகப் பொருந்தும், என் பொறுப்பு" என்று பில் போட்டுவிட்டார்.

கராஜில் வைத்துப் பார்த்தால் போல்ட் ஓட்டைகளே நேருக்கு வரவில்லை. டூ வீல் சாமான். திருப்பிக் கொண்டுபோனேன். என் பொறுப்பு என்ற அதே மனிதர், பில்லின் கீழே அடித்திருந்த "விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற வரியைத் தொட்டுக் காட்டினார். அப்புறம், பூட்டிப் பார்த்திருக்கிறீர்கள், கீறல் விழுந்திருக்கிறது என்று வேறு கதை. நுகர்வோர் அதிகார சபைக்கு, 1977 என்ற தொலைபேசி நம்பருக்கு, இப்போதே அழைக்கப்போகிறேன் என்றதும் குரல் இறங்கியது, காசு தர முடியாது, வேண்டுமானால் அதற்கு ஈடாக வேறு சாமான் எடுங்கள் என்றார். எனக்குத் தேவையானதுதான் அவரிடம் இல்லையே!

இனிமேல் சாமான் நம்பர் இல்லாமல் கடை ஏறுவதில்லை என்று டொயோட்டா ஏஜென்ட் கவுண்டருக்குப் போனேன். செசி நம்பரைக் கொடுத்ததும் சாமான் நம்பர்களை எடுத்துத் தந்தார்கள். விலையையும் சொன்னார்கள். நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். டொயோட்டா நம்பரில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்று சொல்லும்: 43330 கீழ் போல் ஜொயின்ட், 48632 மேல் ஆர்ம் புஷ். அடுத்த ஐந்தில்தான் எந்த வண்டிக்கு என்பது இருக்கிறது, ஆகவே பத்தையும் ஒத்துப் பாருங்கள். பழைய நம்பரைக் கம்பெனி நிறுத்திப் புது நம்பர் கொடுத்திருக்கவும் கூடும். கடைக்காரர் "அப்படி ஒரு நம்பரே இல்லை" என்றால் உடனே திரும்பி வராமல், அதற்குப் பதிலாக வந்த நம்பரைத் தேடச் சொல்லுங்கள்.

அடுத்து வந்தது போலிச் சாமான் பிரச்சினை. 555 என்ற ஜப்பான் பிராண்ட் போல் ஜொயின்டுக்கு இங்கே இருக்கிற பெயருக்கு, அந்தப் பெட்டியில் என்னென்னவோ வருகிறது. ஒரு கடையில் பாதி விலைக்குத் தந்தார்கள். திறந்து தண்டை விரலால் தள்ளினேன், தொட்டில் மாதிரி ஆடியது. புதிய போல் ஜொயின்ட் கையால் அசைக்க இறுக்கமாக இருக்க வேண்டும். வைத்துவிட்டு நடந்தேன்.

கடைசியில் உதவியது ஒழுங்கைக்குள் இருந்த சின்னக் கடை நானா ஒருவர். நம்பரைப் பார்த்தார், தலையாட்டினார், ஆனால் சாமான் தரவில்லை. "படத்தில அளவு தெரியாது தம்பி, கழற்றினதைக் கொண்டு வாங்க" என்றார். அலுப்போடு மறுபடி போனால், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, வேர்னியரால் தண்டு, ஓட்டை இடைவெளி எல்லாம் அளந்த பிறகுதான் பில்லை எழுதினார். இப்படி ஒருவர் முதல் நாளே அகப்பட்டிருக்கக் கூடாதா!

புஷ்கள் அதே கடையில் பிரச்சினை இல்லாமல் கிடைத்தன.

எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தபோது கீழ் ஆர்மின் கேம் போல்ட் வெளியே வர மறுத்தது. வீல் எலைன்மென்ட் சரிசெய்வது இந்த போல்ட்டைத் திருப்பித்தான். இத்தனை வருடத் துருவில் புஷ்ஷின் உள் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது, எண்ணெய், சூடு, சுத்தியல் எதற்கும் அசையவில்லை, கிரைண்டரால் வெட்ட வேண்டியதாயிற்று. புது கேம் போல்ட்டைப் பல கடைகளில் பெயர் சொல்லிக் கேட்டாலே முழித்தார்கள். முடிவில் உடைத்த வண்டிகளின் சாமான் விற்கிற இடத்தில் நெளியாத ஒரு செட் அகப்பட்டது, அப்போது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. நீங்கள் புஷ் மாற்றுவதாக இருந்தால் கேம் போல்ட்டையும் முதலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஸ்டாண்டில் நிற்க நீங்கள் மருதானையில் அலைவீர்கள்.

கராஜில் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியவை இரண்டு. டோர்ஷன் பாரைக் கழற்றுமுன் பொருத்திய இடத்தில் பெயின்டால் கோடு போடச் சொல்லுங்கள், இடது வலது மாறக் கூடாது. புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முழுதாக இறுக்க விடாதீர்கள். வண்டி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போது இறுக்காவிட்டால் றப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். எங்கள் பாஸ் அவசரத்தில் மேலேயே இறுக்கப் பார்த்தார், நான் சொன்னதும் கொஞ்சம் முகம் சுளித்தாலும் வண்டியை இறக்கிவிட்டுத்தான் இறுக்கினார்.

எலைன்மென்ட் முடிந்தது, சத்தம் இல்லை, இழுவையும் இல்லை. அந்த டூ வீல் ஜோடி இன்னும் பெட்டியோடு எங்கள் கடையில் கிடக்கிறது. டூ வீல் ஹைலக்ஸ் வைத்திருக்கிறவர்கள் யாராவது கேட்டால் வாங்கிய விலைக்கே தருகிறேன், ஆனால் பழையதைக் கழற்றிக்கொண்டு வந்து அளந்து பார்த்துவிட்டு எடுங்கள்.