அகர வரிசையில் பத்து ஊர்: நெப்ராஸ்கா குறிப்புகள்

அக்டோபர் 4
இன்லாண்ட், கிளே கவுண்டி (அமெரிக்க மாவட்டம்). 1871-72இல் பர்லிங்டன் ரயில் கம்பெனி லிங்கன் நகருக்கு மேற்கே பாதை போட்டபோது, ஆங்கில எழுத்து வரிசையிலேயே ஊர்ப்பெயர் வைத்துக்கொண்டு போனது: கிரீட், டார்செஸ்டர், எக்ஸீட்டர், ஃபேர்மாண்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லாண்ட், ஜூனியாட்டா, கெனிசா, லோவெல். 'ஐ' எழுத்துக்கு வேறென்ன கிடைத்திருக்கும்! பக்கத்து நகரம் ஹேஸ்டிங்ஸ் இந்த வரிசையில் இல்லை. 1872இல் இன்னொரு கம்பெனியின் பாதை குறுக்கே வந்த இடத்தில் முளைத்தது அது. 1878இல் ஜூனியாட்டாவிடமிருந்து கவுண்டித் தலைநகர் பதவியையும் பறித்துக்கொண்டது.

அக்டோபர் 6
புல்வெளி ஊர்களுக்கு இடையே பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து மைல். விவசாயி குதிரை வண்டியில் சுமார் 50 புஷல் (தானிய அளவை) ஏற்றி வந்து, இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப அதுதான் கணக்கு.

அக்டோபர் 9
பழைய மர எலிவேட்டர், அதாவது தானியத்தை மேலே தூக்கிச் சேமித்து ரயிலில் ஏற்றும் கிடங்கு. பலகைகளைப் படுக்கைவாட்டில் அடுக்கி ஆணி அடித்த சுவர். தானியம் பக்கவாட்டில் தள்ளுகிற அழுத்தம் அடியில்தான் அதிகம் என்பதால் கீழே அகலப் பலகை, மேலே போகப்போகக் குறுகல்.

உயிர்நாடி 'லெக்': பெல்ட்டில் வரிசையாக வாளிகள். அடித்தொட்டியில் அள்ளி, உச்சியில் கவிழ்க்கும். மேலே தொட்டி நிறைந்து வழி அடைத்துக்கொண்டால் தானியம் லெக்கிலேயே திரும்பி விழும். அடித்தொட்டி திணறி பெல்ட் நின்றுவிடும். அப்போது மோட்டாரை நிறுத்தி நிறுத்தி மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பெல்ட் நிற்க, மேல் புல்லி மட்டும் அதன்மேல் தேய்ந்து சுற்றும். ரப்பர் கருகும், பக்கத்திலேயே தானியத் தூசி. வெடிக்க வேறென்ன வேண்டும்? முறை இது: முதலில் வரத்தை அடைக்கணும், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடணும், அடிக்கதவைத் திறந்து கையால் வாரி வெளியே எடுக்கணும். அலுப்பான வேலைதான்.

அக்டோபர் 10
ஈரத்தோடு கொட்டிய மக்காச்சோளம் மேலே ஏடு கட்டும். கீழே இறக்க இறக்க ஏட்டுக்கு அடியில் குழி விழும். மேலே கால் வைத்தால் ஆள் உள்ளே. தானியம் ஓடிக்கொண்டிருந்தால் அரை நிமிடத்துக்குள் தலை மூழ்கிவிடும். கீழ்வாயை மூடிப் பூட்டாமல், கயிறும் வெளியே ஒரு ஆளும் இல்லாமல் இறங்கக் கூடாது.

அக்டோபர் 13
முன்பு தானியம் ஏற்ற மூடுபெட்டி ரயில் வேகன். கதவுக்கு உட்புறம் பலகை அடித்து, இடுக்கு அடைத்து, கோதுமை கொட்டுவார்கள். 50 டன் பெட்டிக்கு (அமெரிக்க டன், 2,000 பவுண்டு) 1,666 புஷல். புஷலுக்கு 60 பவுண்டு.

இப்போது மூடு ஹாப்பர்: மேலே கொட்டி, அடிக்கதவு வழியே இறக்கும் வேகன். மொத்த எடை வரம்பு 2,86,000 பவுண்டு. வெற்று வேகன் சுமார் 63,000 போக மிச்சம் 2,23,000. மக்காச்சோளம் புஷலுக்கு 56 பவுண்டு என்றால் 3,980 புஷல் சொச்சம். 30,000 புஷல் மர எலிவேட்டரைத் துடைத்துக் கொட்டினாலும் எட்டாவது வேகன் பாதிதான் நிரம்பும். முழுக்க ஒரே தானியத்தோடு போய்வரும் ஷட்டில் ரயிலில் வேகன் 110! கான்கிரீட் கோபுரமும் ரயில் முழுக்க நிற்க வளையப் பாதையும் உள்ள இடத்துக்கே லாரிகள் போகின்றன.

ஏற்றுமுன் அடிக்கதவுகளைப் பார்க்கணும். ஒரு அங்குலம் திறந்திருந்தாலும் வழி நெடுகச் சிந்தும். ஒரு முனையிலேயே கொட்டிக் குவித்தால் அந்தப் பக்கத்துச் சக்கரங்களில் பாரம் ஏறும். அறைகளை மாறி மாறி நிரப்பணும்.

அக்டோபர் 17
கிளைப் பாதைகளைக் கொன்றதும் இந்த எடைதான். கஜத்துக்கு 60 பவுண்டு தண்டவாளம், 39 அடிக்கு ஒரு இணைப்பு. இடப்பக்க இணைப்பும் வலப்பக்க இணைப்பும் எதிரெதிரே வராது, மாறி மாறி வரும். இணைப்புக்கு அடியில் ஜல்லி சேறானால் அந்த இடம் அமுங்கும். உயரமான ஹாப்பர் இடம் வலமாக ஆடத் தொடங்கும். மணிக்கு 13 முதல் 21 மைல் வேகத்தில் ஆட்டம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும். டிரைவர்கள் பத்து மைலுக்குக் கீழே ஊர்ந்துதான் கடப்பார்கள். கேங்மேன்கள் ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்கினாலும், கீழே தண்ணீர் வடிய வழியில்லாவிட்டால் அடுத்த மழைக்கு அதே இணைப்பு மறுபடி அமுங்கும். முதலில் வாய்க்காலை வெட்டணும், அப்புறம்தான் ஜாக்கி.