காந்தத் துகள் குழம்பு ஏன் கெட்டியாகிறது: வாய்மொழித் தேர்வுக்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள்களைக் கலந்த குழம்பை வேகமாகச் சறுக்கினால் அது கெட்டியாவதே சறுக்குத் தடித்தல். அதில் ஆய்வேடு எழுதியவரிடம் தேர்வாளர் கைவைக்கக்கூடிய முதல் இடம் கனஅளவுப் பின்னம், அதாவது குழம்பின் மொத்தக் கனஅளவில் துகள்களின் பங்கு. எடையை மட்டும் சொன்னால் நிற்காது. துகளாகப் பயன்படும் கார்பனைல் இரும்பின் (மிக நுண்ணிய தூய இரும்புத் தூள்) அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், சிலிக்கோன் எண்ணெயுடையது 0.97. கனஅளவில் சரிபாதி கலந்தாலே எடையில் 89 சதவீதம் இரும்புதான். துகள்கள் ஒட்டாமலிருக்க அவற்றின்மேல் பாலிமர் பூச்சு வேறு. 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துகளில் பூச்சின் இழைகள் 20 நானோமீட்டர் நீட்டி நின்றால், கனஅளவு 1.02-இன் மும்மடியாக, அதாவது 1.06 மடங்காகக் கூடும். நீங்கள் 0.55 என்று எழுதியது உண்மையில் 0.58. உராய்வுள்ள கோளங்கள் நெருக்கியடித்து இறுகும் எல்லை ஏறக்குறைய அதுவே, உராய்வற்றவற்றுக்கு 0.64.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில்தான் இயற்பியலாளர்கள் வியார்ட்டும் கேட்ஸும் 2014-இல் முன்வைத்த விளக்கம் இயங்குகிறது. தகைவு (ஓரலகு பரப்பின்மேல் செயல்படும் விசை) குறைவாக இருக்கையில் பூச்சின் விலக்குவிசை துகள்களைத் தள்ளிவைக்கும். தகைவு கூடியதும் அந்த விசை தோற்று, துகளும் துகளும் உரசும். தடித்தல் தொடங்கும் தகைவு, அதாவது தொடக்கத் தகைவு, விலக்குவிசையை ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவில் இருக்கும். ஆகவே பாகுநிலையை (ஓட்டத்தைக் குழம்பு எதிர்க்கும் அளவு) சறுக்கு வீதத்துக்கு எதிராக மட்டும் வரையாதீர்கள், தகைவுக்கு எதிராகவும் வரையுங்கள். பின்னம் மாறினால் தொடக்க வீதம் நகரும். தொடக்கத் தகைவு பெரிதாக நகராது. மடக்கை வரைபடத்தில் பாகுநிலை–தகைவு சாய்வு 1-ஐத் தொட்டால் பாகுநிலை திடீரென எகிறும் தாவல் தடித்தல், அதற்குக் கீழே படிப்படியாகக் கூடும் தொடர் தடித்தல்.

பூச்சின் எடையை வெப்ப எடைப் பகுப்பாய்வில் (சூடாக்கியபடி எடை மாற்றத்தை அளத்தல்) எடுக்கும்போது நைட்ரஜனில் ஓட்டுங்கள். காற்றில் ஓட்டினால் இரும்பு ஆக்சிஜனேற்றமாகி எடை ஏறும். பாலிமர் எரிந்த இழப்பு அதில் மறைந்துவிடும். அப்போதும் கிடைப்பது உலர்ந்த பூச்சின் எடைதான். எண்ணெயில் உப்பிய தடிமனை எந்த அனுமானத்தில் எடுத்தீர்கள் என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.

குழம்பின் ஓட்டத்தை அளக்கும் ரியோமீட்டரில் தகைவுக் கட்டுப்பாட்டு முறையில் ஓட்டுங்கள். வீதக் கட்டுப்பாட்டில் தாவலின் நடுப்பகுதி தவறிப்போகும். ஏற்றம், இறக்கம் இரண்டையும் எடுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் முதலில் துகள் படிவைச் சந்தேகியுங்கள். தட்டுகளின் இடைவெளியை மாற்றிப் பாருங்கள். பாகுநிலையும் மாறினால் சுவர் வழுக்கல், அதாவது குழம்பு தட்டின்மேல் வழுக்குகிறது. உயர் தகைவில் ஓரத்தில் குழம்பின் மினுமினுப்பு போய் வறண்டு தெரிந்தால், துகள்கள் திரவப்பரப்பை முட்டுகின்றன. அதற்கு மேற்பட்ட புள்ளிகளை வெட்டிவிடுங்கள்.

காந்தப்புலத்தைக் கடைசியில் போடுங்கள். புலத்தில் துகள்கள் சங்கிலியாகி நெகிழ்வுத் தகைவு (குழம்பு ஓடத் தொடங்கத் தேவையான குறைந்தபட்சத் தகைவு) உருவாகும். அது தடித்தலின் தகைவைத் தாண்டிவிட்டால் தடித்தல் வரைபடத்தில் தெரியவே தெரியாது. இருப்பது மறைகிறது, அவ்வளவுதான். "புலம் தடித்தலை அழித்தது" என்று எழுதினால் அந்த வாக்கியத்திலேயே கேள்வி வரும். புலமற்ற ஓட்டத்தை மீண்டும் எடுக்குமுன் எஃகுத் தட்டில் காந்தம் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.