ரை ரொட்டித் தூளில் ஒரு டேனிஷ் ஆப்பிள் இனிப்பு

டென்மார்க்கில் செப்டம்பர் வந்துவிட்டால் கிராமத்துச் சாலையோரங்களில் ஆளில்லாத குட்டிக் கடைகள் முளைத்துவிடும். ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டு டப்பாவில் காசைப் போட வேண்டியதுதான். ஏப்ளகேய என்ற ஆப்பிள் அடுக்கு இனிப்பு செய்வதற்கு அப்படித்தான் ஒரு கிலோ கிரோஸ்டென் ஆப்பிள் வாங்கிவந்தேன். 2005இல் தேசிய ஆப்பிளாக அறிவிக்கப்பட்ட ரகம். நல்ல புளிப்பு, அதைவிட நல்ல வாசனை. வெறும் இனிப்பு ஆப்பிளில் செய்தால் சப்பென்றிருக்கும்.

தோல் சீவி, நறுக்கி, அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் மூடிவைத்தேன். கொஞ்ச நேரத்திலேயே குழைந்துவிட்டது. மிக்ஸி பக்கம் போகவே வேண்டாம். அங்கங்கே துண்டு தட்டுப்பட்டால்தான் ருசி. இறக்கிவைத்துக் கொஞ்சம் சர்க்கரையும் வனிலாவும் சேர்த்தேன்.

உண்மையான வேலை தூளில்தான். கடையில் ரஸ்க் தூள் கிடைக்கிறது, மக்ரோன் என்ற பாதாம் பிஸ்கட்டை நொறுக்கிப் போடுபவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது பழைய முறை. அந்தக் காலப் பண்ணை வீடுகளில் ரை என்ற தானியத்தின் மாவில் செய்த கறுப்பு ரொட்டியை மொத்தமாகச் சுட்டு வாரக்கணக்கில் வைத்துச் சாப்பிடுவார்கள். காய்ந்து கல்லாகிப்போன மிச்சத்தைப் பீரில் ஊறவைத்துக் கஞ்சியாகக் காய்ச்சுவார்கள், இல்லையென்றால் உதிர்த்து ஆப்பிளோடு அடுக்குவார்கள்.

அகலமான வாணலியில் 75 கிராம் வெண்ணெய், அதே அளவு சர்க்கரை, 150 கிராம் ரொட்டித் தூள். அடுப்பை மிதமாக வைத்துக் கைவிடாமல் கிளற வேண்டும். ரை தூள் முதலிலேயே கறுப்பு, நிறத்தை வைத்துப் பதம் சொல்ல முடியாது. முதலில் ஈர மண்போலக் கரண்டியில் அப்பிக்கொள்ளும். பிறகு உதிர ஆரம்பித்து, வாணலியில் சரசரவென்று சத்தம் வரும். வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி வாசனை எழுந்ததும் உடனே தட்டில் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கசந்துபோகும்.

எல்லாம் நன்றாக ஆறியபின் கண்ணாடிக் கிண்ணத்தில் ஆப்பிள், தூள், மறுபடி ஆப்பிள், தூள். மேலே சர்க்கரை போடாமல் அடித்த கிரீம், அதன்மேல் சிவப்புத் திராட்சை மாதிரி இருக்கும் ரிப்ஸ் பழ ஜெல்லி அங்கங்கே ஒரு பொட்டு. சில மணி நேரம் ஊறவிட்டுச் சாப்பிடுபவர்கள் நிறையப் பேர். எனக்குத் தூள் பல்லில் நொறுங்க வேண்டும், அதனால் பரிமாறும்போதுதான் அடுக்குகிறேன். மிஞ்சிய தூளை பாட்டிலில் போட்டுவைத்தால் காலையில் தயிர்மேல் தூவிக்கொள்ளலாம். டேனிஷ்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.