மணியில் அப்பா பெயர்

பெர்லின் அடுக்குமாடிகளில் வீட்டுக்கு வீடு எண் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. கட்டட எண் போதும். மற்றபடி தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். ஷோனபெர்க் பகுதியில் அறை எடுத்த புதிதில் எனக்கு இது தெரியாது. இரண்டு கடிதங்கள் திரும்பிப் போயின. கீழ்வீட்டு அம்மா பெட்டியைத் தட்டிக் காட்டிய பிறகுதான் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் தாள் ஒட்டினேன். அங்கே குடும்பப் பெயர்தான் கணக்கு. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரை எழுதினேன். மதுரையைத் தாண்டாத மனிதர், மூன்று வருடம் பெர்லினில் குடியிருந்தார்.

ஜெர்மன் கற்றுக்கொண்டிருந்த காலம். கண்ணில் படும் பலகையை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். விளக்குக் கம்பத்தில் ஒரு ரொட்டிப் படம். பேக்கரி விளம்பரமாக்கும் என்று மறுபக்கம் போய்ப் பார்த்தால், பெர்லினில் யூதர்கள் மாலை 4 முதல் 5 மணி வரை மட்டுமே உணவுப் பொருள் வாங்கலாம் என்று இருந்தது. தேதி, 1940 ஜூலை 4. ஐன்ஸ்டைன் குடியிருந்த பகுதி அது. நாஜிகள் போட்ட உத்தரவுகளை இப்படி 80 பலகைகளாக்கி 1993இல் மாட்டியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் காலடியைப் பார்த்தேன். எங்கள் வாசல் நடைபாதையில் 10 சென்டிமீட்டர் சதுரத்தில் மூன்று பித்தளைக் கற்கள். 'இங்கே வாழ்ந்தவர்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன நாள், கொன்ற இடம். மாதக்கணக்கில் மிதித்துப் போயிருக்கிறேன். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர்க்காரன் நான். நடுத்தெருவில் அதையேதான் செய்தேன். காலில் படும்படியா பதிப்பது என்று கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "படிக்கணும்னா குனிஞ்சுதானே ஆகணும்" என்றார்.

நவம்பர் 9, யூதர்களின் கடைகளையும் தொழுகைக்கூடங்களையும் 1938இல் நொறுக்கிய இரவு. பெர்லின் சுவர் திறந்ததும் இதே தேதிதான். அந்த அம்மா அன்று பழந்துணியோடு வாசலில் உட்கார்ந்து கற்களைத் தேய்த்தார். நானும் உட்கார்ந்தேன். பித்தளைக்குப் புளி போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்று சொல்ல ஆசை. புளிக்கு ஜெர்மனில் என்ன பெயர் என்று அப்போது தெரியவில்லை.

அறையைக் காலி செய்த அன்று மணியில் ஒட்டியிருந்த தாளைச் சுரண்டினேன். பாதிதான் வந்தது.